விற்காத பாட்டுகளின் வியாபாரி

எந்த வியாபாரியும் நன்றாக விற்கும் சரக்கைத்தான் கடையில் அடுக்குவான். எங்குமே விற்காமல் போன சரக்கைத் தேடி அலைந்து, அகப்பட்டதும் அதை விற்க மனம் வராமல் பூட்டி வைப்பவன் அரிய இசைத்தட்டு வியாபாரி ஒருவன்தான். இந்த நோய் கண்ட அன்பர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் என்று நான் அறியேன். பீரோவில் வேட்டி இருக்க வேண்டிய இடத்தில் தட்டுகளை அடுக்கிவிட்டு, வீட்டாரின் முகத்தை நேராகப் பார்க்க அஞ்சும் ஒவ்வொருவரையும் என் உறவாக எண்ணியே இதை எழுதுகிறேன்.

இராஜபாளையத்தில் மருத்துவக் கட்டுத்துணி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில், சரக்கு அனுப்பும் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தேன். எங்களிடம் துணி வாங்க இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து ஆண்டுதோறும் வருபவர் ஆலன். அவர்தான் எனக்கு இந்த நோயைக் கொடுத்தவர். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயத்தின் உருக்கத்தையும் காதலின் துள்ளலையும் சேர்த்துப் பாடிய பாட்டுகளுக்குச் ‘சோல்’ என்று பெயர். அவற்றுள் விற்றவை விற்றன. விற்காதவை குப்பைக்குப் போயின. அந்தக் குப்பையைக் கப்பலில் வரவழைத்து, இங்கிலாந்தின் வடக்கே ஆலைத் தொழிலாளர்கள் வார இறுதி தோறும் ஆடித் தீர்த்தார்கள். அந்தக் கொண்டாட்டத்துக்கு ‘நார்தன் சோல்’ என்று பெயர் வந்தது. பஞ்சாலை ஊரில் பிறந்த எனக்கு இந்தச் செய்தி நெஞ்சில் தைத்தது. ஓய்வு பெற்ற மறுமாதமே பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் கடை திறந்தேன்.

ஆலனுக்கு ஒரு குறை இருந்தது. இருபது வயதில் ஒரு நடன அரங்கில் ஒரு பாட்டு ஒலித்தபோதுதான், பின்னாளில் தம் மனைவியான பெண்ணை அவர் முதன்முதலாகப் பார்த்தார். அந்தப் பாட்டின் பெயர் அவருக்குத் தெரியாது. தட்டுப் போடுகிறவர்கள், போட்டியாளர் கண்டுபிடித்து வாங்கிவிடக் கூடாது என்று, தட்டின் நடுவிலுள்ள பெயர்ச்சீட்டின்மேல் காகிதம் ஒட்டி, வாய்க்கு வந்த பெயரைச் சூட்டிவிடுவது அக்கால வழக்கமாம். மனைவி காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆலனின் இரண்டு முழங்கால்களும் அறுவைக்குக் காத்திருந்தன. அதன் பிறகு சுழன்று ஆடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்குள் அந்தப் பாட்டுக்கு ஒரேயொரு முறை ஆடிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. என் கைப்பேசியில் அதை முனகிப் பதிந்து கொடுத்தார். “கண்டுபிடித்துத் தருகிறேன்” என்று வாக்குக் கொடுத்தேன். அன்பர்களே, வாக்குக் கொடுக்குமுன் ஒரு வாய் தண்ணீராவது குடியுங்கள். அந்த நேரத்துக்குள் புத்தி வந்துவிடக்கூடும்.

நடுவில் ஓட்டை

மம்சாபுரத்தில் தேநீர்க் கடை வைத்திருப்பவர் ஒருவர், தம் தகப்பனார் விட்டுச்சென்ற பாட்டுப்பெட்டியில் போட ஒரு தட்டு வேண்டும் என்று வந்தார். அமெரிக்கச் சிறு தட்டுகளின் நடுவே ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய துளை இருக்கும். காசு போட்டால் பாடும் பெட்டிகளுக்காகச் செய்த துளை அது. அவர் தட்டை எடுத்துக் கண்ணருகே பிடித்து, அந்தத் துளை வழியாக என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நான் அந்தத் துளையின் வரலாற்றை விளக்கினேன். வெளித்தோற்றத்தை வைத்து எதையும் எடை போடலாகாது என்றும், புல்லாங்குழலுக்குத் துளைதான் பெருமை என்றும் எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நடுநடுவே தலையையும் ஆட்டினார். பிறகு தட்டை மெல்ல மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: “அண்ணாச்சி, எங்க ஊர்ல ஓட்டைக் குடத்தைக் கொண்டாந்தா அடைச்சுக் குடுப்பாக. நீங்க என்னன்னா, ஓட்டை பெருசுங்கிறதுக்காக வெலையக் கூட்டுதீக!”

ஐநூறில் ஒன்று

ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், யாரும் வாங்காத பாட்டுக்குத்தான் என் கடையில் மதிப்பு என்று கேள்விப்பட்டு, பேருந்து மாறி மாறி வந்து சேர்ந்தார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் விபத்தின்றி வேலை செய்வது எப்படி என்பதைப் பற்றி எட்டுப் பாட்டுகள் எழுதி, தாமே பாடி, இளமையில் ஐநூறு தட்டுகள் அச்சிட்டவர் அவர். ஒன்றுகூட விற்கவில்லை. உறவில் ஒரு கல்யாணத்துக்குப் பரிசாக ஒன்று கொடுத்தாராம். மறுநாளே அது வீடு வந்து சேர்ந்துவிட்டதாம்.

“ஐயா, விற்காமல் இருந்தால் மட்டும் போதாது. உலகத்திலேயே ஒன்றிரண்டுதான் இருக்க வேண்டும். தெருவெல்லாம் பூக்கும் செடிக்கு யாரும் வேலி போடுவதில்லை, ஊருக்கே ஒரு பூ என்றால் ஊரே காவல் நிற்கும்” என்று ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விடைபெற்றார். நல்ல சொல்லுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்று நானும் மகிழ்ந்திருந்தேன். அடுத்த வாரம் தொலைபேசி ஒலித்தது. “அண்ணாச்சி, முந்நூறு ஒடைச்சாச்சு. தோள்பட்டை விட்டுப்போச்சு. மிச்சத்தை ஒடைக்க நம்ம கடையிலருந்து ஒரு ஆள் அனுப்புதீகளா?”

தரையில் பவுடர்

நார்தன் சோல் ஆட்டத்துக்குத் தரையில் முகப்பவுடர் தூவுவார்கள். பாதம் வழுக்கிப் போக வேண்டும். அதுதான் அந்த ஆட்டத்தின் அழகு. நான் வேலையில் இருந்த காலத்தில், ஒரு விடுமுறை நாளில், துணிக் கிடங்கில் ஆலன் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். ஒரு டப்பா பவுடரைச் சிமெண்ட் தரையில் கொட்டிப் பரப்பினார். அவர் வழுக்கிச் சென்று, சுழன்று, நின்றார். நானும் வழுக்கிச் சென்றேன். சுழலவில்லை, நிற்கவுமில்லை. கட்டுத்துணிப் பொதிகளின் அடியில் போய்ச் சேர்ந்தேன். அடிபட்டவனுக்கு அத்தனை அருகில் கட்டுத்துணி கிடைத்தது உலகில் அதுவே முதல் முறையாக இருக்கும்.

சத்தம் கேட்டுக் காவலாளி ஓடி வந்தார். சேத்தூர்க்காரர், பட்டாளத்தில் இருந்தவர். வாசலில் கால் வைத்தவர், விறைப்பாக நின்ற நிலையிலேயே, கை ஒரு சல்யூட்டில் இருக்க, கிடங்கின் மறுகோடி வரை ஓசையின்றிச் சென்று சுவரருகே நின்றார். அவருடைய கடமைக்கு ஊறு செய்துவிட்டோமே என்று நான் தலைகுனிந்தேன். பெரியவர்களே ஒழுங்கு தவறினால் நிறுவனம் என்ன ஆகும் என்று என்னை நானே கடிந்துகொண்டும் இருந்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: “சார், பட்டாளத்துல பனியிலகூட நான் இப்படிப் போனதில்ல. இன்னொரு தடவ போய்ப் பாத்துக்கிடட்டுமா?”

எழுந்து போன மூவர்

ஆலனின் முனகலைக் கேட்காதவர்கள் எங்கள் வட்டாரத்தில் குறைவு. நடத்துநரிடம் காட்டினேன், நாவிதரிடம் காட்டினேன், பல் பிடுங்கப் போன இடத்தில், மருந்து ஏறி வாய் மரத்த நிலையிலும் மருத்துவரிடம் காட்டினேன். பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி, அது ஒரு மாரியம்மன் பாட்டு என்று உறுதியாகச் சொல்லியது. ஆறு முறை கேட்டேன். ஆறு முறையும் மாரியம்மன்தான்.

இப்படி இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. எனக்கு இடப்பக்கம் முன்பின் தெரியாத மூன்று முதியவர்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். வழக்கம்போல் கைப்பேசியை எடுத்து முனகலை ஒலிக்கவிட்டு, “இந்தப் பாட்டை எங்காவது கேட்டிருக்கிறீர்களா?” என்று தொடங்கினேன். கேள்வி முடியவில்லை. முதலாமவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். இரண்டாமவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னே நடந்தார். அதுவரை வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்த மூன்றாமவர் கண்ணை முழுவதும் திறக்காமலேயே கை கழுவும் இடத்தை நோக்கிச் சென்றார். சற்றுப் பொறுத்து, சமையற்காரர் விரட்டிவிட, மூவரும் திரும்பி வந்தார்கள். முதலாமவர் என் எதிரே நின்று இடுப்பில் கை வைத்தார்: “ஏங்க, படிச்ச ஆளு மாதிரி இருக்கீக. எலை போடுறதுக்கு முன்னால பந்திப் பாட்டைப் போட்டு வயசாளிகளை அலைக்கழிக்கலாமா?”

காகிதத்தின் கீழே

விசாரித்தபோது வழி திறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் விசேஷங்களுக்கு ஒலிபெருக்கிச் செட்டு போடும் முத்தையா என்பவரிடம்தான் அந்தத் தட்டு இருந்தது. கப்பலில் வேலை பார்த்த ஒருவர் கொண்டுவந்த பெட்டியில் கிடந்ததை அவருடைய தகப்பனார் வாங்கினாராம். சினிமாப் பாட்டுப் போட்டால் ஜனங்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறார்கள், பந்திக்கு எழுவதில்லை என்பது அவருக்குப் பெருங்கவலை. ஒருநாள் இந்தப் புரியாத பாட்டைப் போட்டார். கூட்டம் முழுவதும் எழுந்து சாப்பிடப் போய்விட்டது. அன்று முதல் இரண்டு தலைமுறையாக அந்த ஊருக்கு அதுதான் பந்திப் பாட்டு.

முத்தையா தட்டைக் காட்டினார். நடுத்துளையில் வட்டமாகச் செதுக்கிய தேங்காய்ச் சிரட்டை பொருத்தியிருந்தது. பெயர்ச்சீட்டின்மேல், போட்டிச் செட்டுக்காரர் பெயரை அறிந்துவிடாதபடி நாட்காட்டித் தாள் ஒட்டி, ‘பந்தி’ என்று எழுதியிருந்தது. மற்றத் தட்டுகளிலும் அப்படியே: ‘தாலி’, ‘மழை’, ‘சம்பந்தி கோபம்’. கடைசியாகச் சொன்னது, இரு வீட்டாரும் சண்டையிடும்போது வெளியே கேட்காமல் இருப்பதற்காம். கடல் கடந்து இரண்டு ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர், ஒரே பாட்டின் பெயரை ஒரே விதமாக மறைத்திருக்கிறார்கள்! எனக்கு மெய்சிலிர்த்தது.

“காகிதத்தை ஈரப்படுத்தி எடுத்துப் பெயரைப் பார்ப்போமா?” என்று கேட்டேன். அவர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். நான் ஒரு கதை சொன்னேன். ஒருவன் தன் நல்ல தண்ணீர்க் கிணற்றை ஊரார் தேடி வரக் கூடாது என்று ‘உப்புக் கிணறு’ எனப் பலகை மாட்டினான். கடைசியில் அவன் பேரனே பலகையைப் படித்துவிட்டு அடுத்த தெருவுக்குத் தண்ணீர் எடுக்கப் போனான். முத்தையா உருகிப்போய், “ஆனா, கெணத்துல தண்ணி கொறையலைல்லா?” என்றார். கைப்பேசியில் பதிந்துகொள்ளவும் விடவில்லை. போட்டிச் செட்டுக்காரர் இறந்து எவ்வளவோ காலமாகிவிட்டதே, அவர் மகன்கூடத் தொழிலை விட்டு வளைகுடாவில் அல்லவா இருக்கிறான் என்று எடுத்துச் சொன்னேன். அவர் நாலாபுறமும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்: “லீவுக்கு வருவான்லா, அண்ணாச்சி?”

முழுச் செட்டு

தட்டு விலைக்கு இல்லை, இரவலும் இல்லை. முத்தையாவின் வழக்கப்படி தட்டு தனியாக வீட்டைவிட்டு வெளியேறாது. செட்டோடுதான் போகும், செட்டுக்காரரோடுதான் போகும். இரண்டரை நிமிடப் பாட்டு ஒன்றுக்காக நான்கு குழாய் ஒலிபெருக்கிகள், ஒரு ஜெனரேட்டர், மயில் வடிவில் சீரியல் விளக்குப் பலகை, மைக் ஆகிய அனைத்தையும் வாடகைக்கு எடுக்க வேண்டும். முதலில் பிள்ளையார் பாட்டு ஒலிக்க வேண்டும். ஆலனுக்கு எழுதினேன். அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது, அதற்கு முன் ஒரு வாரம் கிடைக்கும் என்று பதில் வந்தது. அது ஆடி மாதம். ஊரில் கல்யாணம் கிடையாது. மண்டபங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒன்றைக் குறைந்த வாடகைக்குப் பிடித்தேன். இதைவிட நல்ல காலம் வாய்க்காது என்று நான் எண்ணினேன். மனிதனின் திட்டம் எங்கே சறுக்கும் என்பது திட்டமிடும் மனிதனுக்கு மட்டுமே தெரிவதில்லை.

குறித்த நாளில், காலை பத்து மணிக்கு, மண்டபத்து மொட்டை மாடியில் முத்தையா ஏறி நான்கு குழாய்களையும் நான்கு திசைக்கும் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரே ஒரு மனிதர் ஆடப் போகிறார், ஒரு குழாயை உள்ளே வைத்தால் போதுமே, அடக்கம் அல்லவா சிறந்தது என்று கீழிருந்தபடி வேண்டினேன். அவர் கயிற்றை இறுக்கியபடியே குரல் கொடுத்தார்: “செட்டுக் கட்டிட்டு ஊருக்குக் கேக்காமப் பாட்டுப் போட்டா, முத்தையா செத்துப்போனான்னு மாலை வாங்கிட்டு வந்துருவாக!”

ஆடி மாதத்து மாப்பிள்ளை

ஆலன் பழைய நாளின் அகலக் காற்சட்டை அணிந்து வந்திருந்தார். தட்டின்மேல் ஒட்டியிருந்த நாட்காட்டித் தாளைப் பார்த்ததும், உட்கார நாற்காலி தேடும் அளவுக்குச் சிரித்தார். “பெயர் வேண்டாம், அப்படியே இருக்கட்டும்” என்று கூறி முத்தையாவின் தோளில் கை போட்டுக்கொண்டார். நான் தரையில் பவுடர் தூவினேன். பிள்ளையார் பாட்டு முடிந்தது. முத்தையா மைக்கை ஊதிச் சோதித்துவிட்டு முள்ளை வைத்தார். எக்காளம் முழங்கியது, கைத்தட்டல் தொடங்கியது, ஒரு பெண்ணின் குரல் எழுந்தது.

ஆலன் கண்ணை மூடிக்கொண்டார். முதல் அடியில் தயங்கினார், இரண்டாவதில் வழுக்கினார், மூன்றாவதில் எழுபதைக் கடந்த அந்த மனிதர் எங்கேயோ போய்விட்டார். ஒரே ஒரு முறை சுழன்றார். முழங்கால் மடங்கப் போய், மடங்காமல் நின்றது. வலக்கையை மட்டும், எதிரே நிற்கும் ஒருவரை அழைப்பதுபோல் நீட்டியபடியே ஆடினார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அறிவுரை எதுவும் தோன்றவில்லை.

பாட்டு ஓய்ந்தபோது வேறொரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். நான்கு திசையிலிருந்தும் தெரு மண்டபத்துக்குள் வந்துகொண்டிருந்தது. ஆட்டோ ஓட்டுநர்கள், பூ விற்கும் அம்மாள், பால்கோவாக் கடை ஊழியர்கள், பள்ளி ஆசிரியர் ஒருவர். ஆடி மாதம் முழுவதும் கல்யாணச் சாப்பாடு காணாத ஊர் அது. செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையோடு உள்ளே வந்தவர்கள் பவுடரில் கால் வைத்து, ஒருவர்பின் ஒருவராக வழுக்கி, நேரே சாப்பாட்டுக் கூடத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். அங்கே வரிசையாக அமர்ந்து, இலை வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கூடத்தின் நடுவே நின்று, “பெரியோர்களே, இது பசிக்கான பாட்டு அன்று, உள்ளத்துக்கான பாட்டு” என்று தொடங்கினேன். “பேசுனது போதும், எலையப் போடுங்க” என்றார் பூக்கார அம்மாள். நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. அழைத்துவிட்டுப் பசியோடு அனுப்புவதைவிடப் பெரிய பாவம் எதுவென்று எந்த நீதியும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. எதிரிலிருந்த மெஸ்ஸில் அன்றைய சோறு, சாம்பார், ரசம், அப்பளம் முழுவதையும் அப்படியே தூக்கிவரச் சொன்னேன். ஆலன் தாமும் பரிமாறுவேன் என்று அடம்பிடித்தார். வாளி தூக்க முழங்கால் இடம் கொடுக்காது என்பதால் அவரிடம் அப்பளக் கூடையைக் கொடுத்தோம்.

வரிசையின் கடைசியில் ஒரு முதியவர் சோற்றைப் பிசைந்தபடி என்னைக் கேட்டார்: “ஆடி மாசத்துல கல்யாணம் வச்ச துணிச்சக்காரன் யாருய்யா? மாப்பிள்ளை எங்க?” நான் அதை ஆலனுக்கு மொழிபெயர்த்தேன். ஆலன் அவர் இலையில் ஓர் அப்பளத்தை வைத்துவிட்டு, “நான்தான் என்று சொல்லுங்கள்” என்றார். சொன்னேன். முதியவர் அவருடைய நரையையும் அகலக் காற்சட்டையையும் நிதானமாகப் பார்த்தார். “பொண்ணு?” என்றார். ஆலன் கூடையில் சரிந்திருந்த அப்பளங்களை நேராக அடுக்கினார். பிறகு, “எனக்கு முன்னாலேயே போய்விட்டாள்” என்றார். அதையும் மொழிபெயர்த்துவிட்டேன். முதியவர் தலையசைத்தார். தம் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும்படி நகர்ந்து, தரையைத் துண்டால் தட்டினார். “அது சரி, பொண்ணு மொதப் பந்தியிலயே சாப்ட்டுக் கெளம்பிருச்சு போல. நீங்களும் உக்காருங்க மாப்பிள்ளை, ரசம் ஆறுது.”

ஆகவே அன்பர்களே, அரிய இசைத்தட்டைத் தேடிப் புறப்படுகிறவர்கள் நல்ல முள்ளும் துடைக்கும் துணியும் எடுத்துச் சென்றால் மட்டும் போதாது, ஒரு தெரு முழுவதற்கும் இலை போடும் மனத்தையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும்.